கண் முன்னால் கழற்றிய மூடி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த கணினி திருத்தும் கடையில் ஆறு வருடம் வேலை செய்தேன். முன்னால் முதலாளியின் கவுண்டர். அதற்குப் பின்னால் ஆளுயர பிளைவுட் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் என் மேசை. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் கணினிப் பெட்டிகள் தடுப்பைச் சுற்றி என்னிடம் வரும். திருத்தியதும் அதே வழியால் திரும்பிப் போகும். அவற்றைத் திருத்தியது யார் என்று எவருக்கும் தெரியாது.

"பொம்பிளை திருத்தினது எண்டா சனம் யோசிக்கும் தங்கச்சி" என்று முதல் வாரமே முதலாளி சொல்லியிருந்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். பின்னேரங்களில் எனக்கும் சேர்த்தே தேநீரும் வடையும் எடுப்பிப்பார். அம்மாவுக்குச் சுகமில்லாத நாட்களில் முகம் சுளிக்காமல் லீவு தந்தார். ஆனால் கவுண்டரில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அதெல்லாம் உங்களுக்கு விளங்காது."

சிரித்துக்கொண்டே சொல்வார். ஓய்வுபெற்ற அதிபருக்கும் அதே பதில், கோயில் குருக்களுக்கும் அதே பதில். நான் தடுப்புக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே திருகாணிகளைக் கழற்றுவேன். பம்பலப்பிட்டியில் ஹார்ட்வேர் படிக்கப் போன காலத்தில், ஆண்கள் நிறைந்த வகுப்பில் என்னைப் பார்த்து இதே வசனத்தைச் சொன்ன ஒரு விரிவுரையாளர் இருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து புத்தகத்தை எறிந்தேன். அடுத்த நாள் பொறுக்கியெடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன்.

அட்டவணை போட்டு மின்சாரத்தை வெட்டிக்கொண்டிருந்த நாட்கள் வந்தன. கரண்ட் போகும்போது வராத சேதம் அது திரும்பி வரும்போது வந்தது. கடை நிறைய செத்த பெட்டிகள். அப்படியொரு நாள் காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கட்டில் விரிப்பில் சுற்றிய கணினியை ஆட்டோவிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் தட்டச்சு வேலை. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி எல்லாம் சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் இங்கிலீஷுக்குப் போகும். பதினொரு வருட வேலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

முதலாளி சுவிட்சை இரண்டு தரம் அமத்திப் பார்த்தார்.

"மதர்போட் போயிட்டுது அக்கா. இனி ஒண்டும் செய்யேலாது. புதுசு ஒண்டு எடுக்கிறதுதான் நல்லம்."

"அப்ப உள்ள இருக்கிறதுகள்?"

"அதுவும் போயிருக்கும்."

பிறகு அந்தப் பெண் கேட்டார். "தம்பி, மதர்போட் எண்டா என்ன?"

"அது உங்களுக்கு விளங்காது அக்கா."

நான் எழும்பினேன். யோசித்து எழும்பவில்லை. கையில் திருப்புளி இருந்தது. தடுப்பைச் சுற்றி வந்து, கவுண்டரில் இருந்த பேனாக்களையும் கல்குலேட்டரையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அவருடைய பெட்டியைச் சரித்து வைத்தேன். முதலாளி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"அக்கா, உங்கட ஒஃபிஸில எத்தினை பேர்?"

"ஐயாவும் நானும் பியூனும்" என்றார், யார் இவள் என்ற பார்வையோடு.

மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி பஞ்சுபோலப் படிந்திருந்தது. ஊதித் துடைத்துவிட்டு விரலால் காட்டினேன். "இந்தா, விசிறிக்குக் கீழ இருக்கிறது உங்கட ஐயா. யோசிக்கிற வேலை முழுக்க இவர்தான். ரேம் எண்டுற இந்த நீளத் துண்டு ஐயாவின்ட மேசை. இப்ப பார்க்கிற ஃபைல் மட்டும் இதில விரிஞ்சு கிடக்கும். ஒஃபிஸ் பூட்டினா மேசை வெறுமை. ஹார்ட் டிஸ்க் எண்டுற இந்தச் சின்னப் பெட்டி அலுமாரி. பதினொரு வருசமும் இதுக்குள்ளதான்."

"அப்ப மதர்போட்?"

"ஒஃபிஸ் அறை. நிலம், சுவர், பியூன் ஃபைல் தூக்கிக்கொண்டு நடக்கிற பாதை, எல்லாம்."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அறை இடிஞ்சு விழுந்தது எண்டே வைப்பம். அலுமாரியை வெளியில தூக்கினா ஃபைல் இருக்கும்தானே? ஏன் எல்லாம் போச்சு எண்டனீங்கள்?"

அந்தக் கேள்வியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் மதர்போட் என்றால் என்னவென்று தெரியாத ஒருவர், கடை முழுக்கக் கேட்கும்படி அதைக் கேட்டார். முதலாளி நான் தள்ளிவிட்ட பேனாக்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

"இன்னும் ஒண்டு மிச்சம் இருக்கு" என்று மூலையில் இருந்த பவர் சப்ளையைத் தொட்டேன். "உங்கட வீட்டுக்கு மெயின் குழாயில வாற தண்ணியை அந்த வேகத்திலயே கை கழுவுற பேசினுக்கு விட்டா என்ன நடக்கும்?"

"பேசின் உடையும்."

"அதை அடக்கி, ஒவ்வொரு பைப்புக்கும் அளவா விடுற வால்வ் இது. கரண்ட் திரும்பி வரேக்க முதல் அடி இதுக்குத்தான் விழும்."

தடுப்புக்குப் பின்னாலிருந்து நல்ல பவர் சப்ளை ஒன்றை எடுத்து வந்து மாட்டினேன். அவரையே சுவிட்சை அமத்தச் சொன்னேன். விசிறி சுற்றியது. ஒரு சின்ன பீப் சத்தம். கடையின் திரையில் வெளிச்சம் வந்தது, கொஞ்சம் பொறுத்து அவருடைய ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகு முதலாளி கடைக் கதவைச் சாத்தினார்.

"கஸ்டமருக்கு முன்னால பெட்டியைத் திறக்கிறதோ? என்னைச் சனத்துக்கு முன்னால கள்ளன் ஆக்கிப்போட்டீங்கள்."

"நீங்கள் டெஸ்ட் பண்ணாம சொன்னீங்கள். நான் டெஸ்ட் பண்ணிக் காட்டினன். அவ்வளவுதான்."

"எல்லாருக்கும் எல்லாம் விளங்கினா, பிறகு நாங்கள் எதுக்கு?"

"திருத்துறதுக்கு."

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் ஒவ்வொரு பெட்டியையும் கவுண்டருக்குக் கொண்டுவந்து, சொந்தக்காரரின் கண் முன்னால்தான் மூடியைக் கழற்றினேன். சிலருக்கு அது தொல்லையாக இருந்தது. ஒரு பெரியவர் "மகள், எனக்கு நேரமில்லை" என்றார். "ரெண்டு நிமிசம் ஐயா" என்று நிற்க வைத்தேன். அவர் அரை மணித்தியாலம் நின்று கேள்வி கேட்டார். முதலாளி தேநீர் எடுப்பிப்பதை நிறுத்தினார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நேராகவே சொன்னார்.

"தடுப்புக்கு அங்கால இருந்து வேலை செய்யுங்கோ. இல்லாட்டி வேற இடம் பாருங்கோ."

திருப்புளிப் பை என்னுடையது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்ற எண்ணம் வந்தது. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை அக்கா அந்த வாரமே எப்படியோ கேள்விப்பட்டு, முன்பு என்னிடம் வாங்கிப்போயிருந்த நம்பருக்கு அழைத்தார். "நல்லதாப் போச்சு. எங்கட லேன்ல மேல் மாடியில ஒரு அறை சும்மா கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. எனக்குச் சொன்னதை மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்கோ."

முதல் ஞாயிறு ஏழு பெண்கள் வந்தார்கள். ஒரு செத்த கணினியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரவிரவாகக் குறிப்பு எழுதித் தயாராகப் போயிருந்தேன். பெண்கள்தானே என்று எல்லாவற்றையும் குசினிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தேன். செயலி என்பது சமைக்கிறவர், ரேம் என்பது மரக்கறி வெட்டுகிற பலகை, ஹார்ட் டிஸ்க் என்பது சாமான் அலுமாரி. பத்து நிமிடம் போயிருக்கும். மாளிகாவத்தையிலிருந்து வந்திருந்த ஒருவர் கையை உயர்த்தினார்.

"மிஸ், சொன்னா கோவிக்கப்படாது. பொம்பளங்க எண்டா எல்லாத்தயும் குசினிக்குள்ள வச்சுத்தான் சொல்லணுமா? எங்கட ஊட்டுல சமைக்கிறது என்ட மாப்புள. நான் பதினெட்டு வருசமா புறக்கோட்டைல புடவக்கட ஸ்டோர் பாக்குறேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "உங்களுக்கு விளங்காது" என்றவரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தவள் நான். அந்த ஏழு பேரிடமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், இவர்களுக்கு இதுதான் விளங்கும் என்று நானே முடிவெடுத்துவிட்டுப் போயிருந்தேன். குறிப்புத்தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ. உங்கட கடையில துணி எங்க இருக்கு?"

"மேல ஸ்டோர்ல."

"கஸ்டமர் கேட்டா?"

"கீழ கவுண்டர்ல கொண்டுவந்து விரிக்கணும். சேல்ஸ்மேன் அளந்து வெட்டுவாரு." சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப கவுண்டர்தான் ரேம். கவுண்டர் சின்னதெண்டா ரெண்டு பேருக்கு மேல விரிக்க ஏலாது. ஒண்ட சுருட்டி மேல அனுப்பிட்டுத்தான் மத்தத எறக்கணும். அதுதான் என்ட மெஷின் இழுக்குதா?"

"ஓம். அதுதான்."

அன்றைக்கு ஏழு பேரும் ஏழு விதமாக அந்தப் பெட்டியைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பிரசவ வார்டில் வேலை செய்த தாதி ஒருவர் ரேமைக் கட்டில் என்றும் ஹார்ட் டிஸ்க்கைப் பதிவேட்டு அறை என்றும் சொன்னார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா ஒருவருக்குத் கொட்டாஞ்சேனை அக்கா சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் ரேம் துண்டைத் தங்கள் கையாலேயே கழற்றித் திரும்பப் பொருத்தினார்கள். கிளிக் என்ற சத்தம் வரும்வரை அமத்தப் பயந்தார்கள், வந்த பிறகு திரும்பத் திரும்பச் செய்தார்கள். உவமை பொருந்தாத இடங்களையும் சொன்னேன். கவுண்டரில் விரித்த துணி கரண்ட் போனால் மறைந்துவிடாது, ரேமில் இருப்பது மறைந்துவிடும். "அப்ப அடிக்கடி சேவ் பண்ணோணும்" என்றார் தாதி. நான் சொல்ல நினைத்திருந்த வசனம் அது.

இரண்டு வாரம் கழித்து மாளிகாவத்தைக்காரர் ஒரு சிரிப்போடு படியேறி வந்தார். புறக்கோட்டையில் ஒரு கடைக்குப் போய் மெஷின் மெதுவாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டால் வேகமாகும் என்று விற்பனையாளர் ஒன்றை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார்.

"நான் கேட்டேன் மிஸ். தம்பி, ஸ்டோர பெருசாக்கினா கவுண்டர்ல சனம் கொறையுமா?"

"அவர் என்ன சொன்னவர்?"

"ஹார்ட் டிஸ்க எடுத்து உள்ள வச்சிட்டு, பேசாம ரேம எடுத்துத் தந்தாரு. அத போடுறப்போ நான் பக்கத்துல நிக்கணும் எண்டேன். நிண்டேன்."

அந்த அறையில்தான் இப்போது என் வேலை. ஞாயிறு வகுப்பு, மற்ற நாட்களில் திருத்துவது. என் மேசைக்கு இரண்டு பக்கமும் கதிரை உண்டு. என் விதி ஒன்றுதான். சொந்தக்காரர் எதிரில் உட்காராமல் நான் எந்த மூடியையும் கழற்றுவதில்லை. இதனால் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு சட்டத்தரணி மடிக்கணினியோடு வந்தார். கறுப்புக் கோட் கையில் தொங்கியது.

"எனக்கு விளக்கம் ஒண்டும் வேண்டாம். வைச்சிட்டுப் போறன், பின்னேரம் வந்து எடுக்கிறன்."

"பத்து நிமிசம் இருங்கோ சேர். திறந்து காட்டிப்போட்டுத்தான் கை வைப்பன்."

"நான் உங்களிட்டப் படிக்க வரேல்லை."

"நீங்கள் ஒரு ஆளின்ட கையெழுத்தை வாங்க முதல் அதில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுவீங்கள்தானே?"

அவர் மடிக்கணினியைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடினார். படிகளில் அவருடைய சப்பாத்துச் சத்தம் இறங்கிப் போனது. மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்த பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ், அவர விட்டுட்டீங்களே. நல்ல கஸ்டமர் மாதிரி இருந்திச்சே?"

"போகட்டும்" என்றேன். "நீங்கள் கதிரையை இன்னும் கிட்டக் கொண்டுவாங்கோ."