எங்கள் வீட்டை உயர்த்திய மண்

எங்கள் பக்கத்தில் மண் லாரியைப் பார்த்தால் ஆம்பளைகளின் கை தானாக மேலே போய்விடும். பஸ்ஸை நிறுத்தக் கூச்சப்படுகிறவன்கூட மண் லாரியைக் கூசாமல் நிறுத்துவான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், பள்ளத்தில் இருக்கிற தெரு எங்களுடையது. ஐப்பசி மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். வந்தால் சம்பந்தி மாதிரி சாவகாசமாகத் தங்கிவிட்டுத்தான் போகும். அதனால் ஊரில் யார் எதைத் தோண்டினாலும், அதில் ஒரு லோடு நம் வாசலில் விழாதா என்று காத்துக்கொண்டிருப்போம்.

போன வருஷம் எனக்கு அவசரம் அதிகம். திருவள்ளூரில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து அழைத்து வருகிற மாதம் சரியாக மழையில் வந்து விழுந்தது.

"தண்ணியில கட்டில போட்டு படகு உடுவியா அவள வெச்சுக்கினு?" என்று என் மனைவி கேட்டாள். "அவ வர்றதுக்குள்ள ஊட்ட ஏத்துய்யா."

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடியில் பல வருஷமாக மூடிக் கிடந்த ஆலையைச் சுத்தம் செய்ய ஒரு கம்பெனி வந்து இறங்கியது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய ஆலை அது. ஓடிய காலத்தில் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். மூடியதோடு சனியன் விட்டது என்று நினைத்தோம். புகை இல்லை என்றால் விஷம் இல்லை. எங்கள் தெருவின் விஞ்ஞானம் அவ்வளவுதான். இப்போது கேட்டில் பெரிய பலகை வைத்தார்கள். வரப்போகும் கிடங்குகள், புல்வெளி, ஊஞ்சல் ஆடும் ஒரு குழந்தை, எல்லாம் படத்தில் இருந்தன. உள்ளே மேல்மண்ணை வழித்து, லாரியில் ஏற்றி, தார்ப்பாய் மூடி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் ஏன் என்று நான் யோசிக்கவில்லை. மண் என்று மட்டும் தெரிந்தது. கை மேலே போனது.

"இன்னா தலைவா?" என்றான் டிரைவர்.

"மண்ணு எங்க போவுது?"

"கழிவுக் கெடங்குக்கு. அங்க பெரிய கியூ நிக்குது, ஒரே பேஜாரு. ஒனக்கு வேணும்னா சொல்லு, இங்கயே கவுத்துட்டுப் போய்க்கினே இருக்கேன்."

பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. இப்படியும் ஒரு தர்மவான் என்று நெகிழ்ந்துபோனேன். வீட்டுக்குள் தரை, வெளியே வாசல், பின்கட்டு எல்லாம் ஒரு முழம் ஏறியது. உள்ளே மட்டும் சிமெண்ட் பூசினோம். வாசல் நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டும் என்றானது. தூளி கட்ட உத்தரத்தில் ஒரு கொக்கியும் அடித்தேன். மண் சாம்பல் நிறத்தில் இருந்தது; துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு வாடை.

"இன்னாய்யா இப்டி நாறுது?" என்றாள் மனைவி.

"புது மண்ணு. போவப்போவ ஊட்டு வாசன வந்துடும்" என்றேன். எனக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும். அதுதான் என் வியாதி.

எங்களைப் பார்த்துத் தெருவில் பாதிப் பேர் அதே டிரைவரைப் பிடித்தார்கள். அந்த இடம் சுத்தமாகிக்கொண்டே வந்தது. எங்கள் தெரு உயர்ந்துகொண்டே வந்தது.

அங்கே வேலை பார்த்த இளம் இன்ஜினியர் ஒருவர் டீக்கடைக்கு வருவார். வெள்ளை உடுப்பைக் கழற்றி, முகமூடியைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பிறகுதான் டம்ளரைத் தொடுவார். ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா தம்பி, நிலாவுக்குப் போய்ட்டு வந்தா மாதிரி கழுவுற?"

"ஈயம்ணே. மண்ணு பூரா அதான். இந்த ஷூவ வீட்டுக்கே எடுத்துட்டுப் போகமாட்டேன். கொழந்தைங்களுக்கு மூளைய பாதிக்கும். வயித்துல இருக்கற கொழந்தைக்கு இன்னும் மோசம்."

வாயில் இருந்த டீயை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றேன்.

அன்றைக்கு என் வீரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். வாசலில் செங்கல்லைப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி உள்ளே போனேன். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறமாகத் தெரிந்தது. சுவரும் அப்படித்தான் தெரிந்தது. பிற்பாடுதான் கண்ணாடிக்கு வயசாகிவிட்டது புரிந்தது.

"இன்னாய்யா, சொந்த ஊட்டுக்குள்ள பாண்டி ஆடிக்கினு வர?" என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தாள், பிறகு கொக்கியைப் பார்த்தாள்.

மறுநாள் லாரி டிரைவரைப் பிடித்து, போட்டதைத் திரும்பத் தூக்கச் சொன்னேன்.

"தூக்கிக்கலாண்ணா. எங்க கொட்டணும் சொல்லு."

"கெடங்குலதான்."

"ஊட்டு மண்ண அங்க உள்ள உடமாட்டான். பின்னாடி தெருவுல ஒருத்தர் மண்ணு கேட்டுக்கினு கீறாரு. அங்க தள்ளிட்டா?"

வேண்டாம் என்று உடனே சொன்னதாக எழுத ஆசைதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன்.

இன்ஜினியரைக் கெஞ்சி வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஷூவுக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தோண்டாதீங்க, தோண்டினா தூசி பறக்கும், மேல நல்ல மண்ணு போட்டு புல்லு வைங்க என்றார். பின்கட்டில் போர் பம்ப்பைப் பார்த்ததும், இந்தத் தண்ணியையா குடிக்கறீங்க என்றார்.

"நல்ல மண்ணு போட்டா கொண்ணாந்து வெச்சிரலாமா அவள?" என்று மனைவி கேட்டாள்.

"இப்போ இருக்கற எடத்துலயே பாத்துக்கோங்கம்மா" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் வந்தத யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே. இந்த வேலைய நம்பித்தான் இருக்கேன்" என்றார்.

மகளிடம் போனில் பேச வேண்டியது நான் என்று தீர்மானமாயிற்று. வீட்டில் எலி என்றேன். பெயிண்ட் வாடை என்றேன். பக்கத்து வீட்டில் அம்மை என்றேன். பொய் சொல்வதில் இருபது வருஷ அனுபவம் உள்ளவன், வரிசையாகத் தடுமாறினேன்.

"நைனா, எங்க ஊட்ல எல்லாம் கேக்கறாங்க, ஏன் கூட்டிக்கினு போவலன்னு. இன்னா ஆச்சு சொல்லு."

சொன்னேன். லாரி, பிரியாணி, ஈயம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் சின்னதுல அந்த ஆலை சுவத்தாண்டதான நைனா வெளையாடுவேன்? அந்தச் சாம்பல்ல கோலம்லாம் போடுவேனே. அப்போ எனக்குள்ள ஏற்கெனவே இருக்குமா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவளே, "சரி உடு, நீ சாப்டியா?" என்றாள்.

வளைகாப்பு திருவள்ளூரிலேயே நடந்தது. சம்பந்தியம்மா வாசலில் எங்களை வாங்க என்று கேட்கவில்லை. மகளைத் தாய்வீட்டுக்கு அழைக்காத பெற்றோருக்கு அதுவே அதிகம். என் மனைவி அடுக்கி வைத்திருந்த வளையல்களை மகள் கையில் ஏற்றிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினோம்.

பிறகு மழை வந்தது. பிடித்த பிடி விடாமல் பெய்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். ஏற்றாத வீட்டுக்காரர்கள் பாத்திரத்தால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் வழிந்த சாம்பல் தண்ணீர் எதிர்வீட்டுக்குள்தான் இறங்கியது. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. இந்த வீடு கட்டிய நாளிலிருந்து முதல்முறையாகக் காய்ந்த தரையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் நாஷ்டா சாப்பிட்டோம்.

மகள் போன் செய்தாள். "தண்ணி வந்துச்சா நைனா?"

"வரல."

"நல்லா ஏத்திக்கீற" என்றாள்.

தரை ஏறியதால் தூளிக் கொக்கி இப்போது சரியாக என் தலைக்கு எட்டுகிறது. போகும்போது ஒருமுறை இடிக்கிறது, வரும்போது ஒருமுறை. கழற்றிப் போடு என்கிறாள் மனைவி. நாளைக்கு என்கிறேன்.