களக்காரருக்கு என்ன வரும்?

அந்த நாட்களில் எங்கள் ஊரில் சும்மா கிடைத்த எதற்கும் பின்னால் ஒரு கமரா நின்றது. நிவாரணமாகக் கூரைக்குப் போடத் தறப்பாள் தந்தால் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்க வேண்டும். பால்மா தந்தால் ஒரு கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வி. தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தாலே "இவருக்கு என்ன வேணும்?" என்று பார்க்கப் பழகியிருந்தோம். எனக்கு அந்தப் பழக்கம் மற்றவர்களை விடக் கொஞ்சம் கூட. நான் திருகோணமலை நகரத்தில் ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவள். ஒரு பற்றுச்சீட்டு கையில் வந்தால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்பேன். "சும்மா ஆர் தருவினம்?" என்பது என் வாயில் எப்போதும் இருந்த கேள்வி. அலுவலகத்தில் என்னைக் கண்டால் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள்.

அக்கா கட்டைபறிச்சானிலிருந்து கண் கிளினிக்குக்காக என்னிடம் வந்திருந்தாள். மூதூரிலிருந்து குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகில் வந்து, இரண்டொரு நாள் நின்று, அதே லோஞ்சில் திரும்புவதுதான் வழக்கம். அந்த முறை அவள் வந்து நிற்கும்போதே குடாவுக்கு அங்காலே சண்டை தொடங்கிவிட்டது. லோஞ்சு நின்றது. தொலைபேசியும் செத்துப் போனது. அத்தான் அங்கே தனியே. ஊர்ச் சனம் முழுக்க வெளிக்கிட்டு நடந்ததாகக் கதை வந்தது. எங்கே நடந்தார்கள், யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அக்கா ஒவ்வொரு கதையையும் நம்பினாள், ஒவ்வொன்றுக்கும் அழுதாள். அத்தான் உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவராவது சரியாகச் சொன்னால் போதும் என்று இருந்தது எங்களுக்கு.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கொமினிகேசன் கடையில்தான் அந்தக் கருத்துக்களத்தைப் பற்றி முதலில் கேள்விப்பட்டோம். போன் எடுக்கவும் போட்டோ கொப்பி அடிக்கவும் போகிற கடை. பின்பக்கம் மூன்று கம்ப்யூட்டர் போட்டிருந்தார் கடைக்கார அண்ணை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மாவட்டத்து ஆள் ஒருவர் இணையத்தில் ஒரு களம் நடத்துகிறார், அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் பதில் எழுதலாம், ஒரு சதமும் வேண்டாம் என்று அவர் சொன்னார். அந்த ஆள் யார் என்று கேட்டேன். தெரியாதாம். எல்லாரும் களக்காரர் என்றுதான் சொல்வார்களாம்.

"ஒரு சதமும் வேண்டாமோ? அப்ப அவருக்கு என்ன வரும்?"

"அதெனக்குத் தெரியாது தங்கச்சி. சனம் தேடுற ஆக்களைப் பற்றி எழுதுது. சில பேருக்குப் பதிலும் வந்திருக்கு."

"பதில் வரும். எழுதினதுகளை வேற ஆரும் வாசிக்கேல்லை எண்டு என்ன நிச்சயம்?"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு ஏலாட்டில் நீ போ. நான் எழுதிப்போட்டு வாறன்."

திரையில் மேலே ஒரு விதி இருந்தது: பெயர் போட வேண்டாம், அடையாளம் மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே முதலாவது பதிவு, ஆணி அடித்தது போல எப்போதும் அங்கேயே இருக்கும். "வாசலில் இரண்டு செவ்விளநீர் மரம். கோழி வளர்ப்பவர். வலக்காது கேளாது. தனியே இருந்தவர்." இப்படித்தான் எழுத வேண்டும் என்று காட்டுவதற்காகப் போட்ட மாதிரி அது. நாங்களும் அதைப் பார்த்தே எழுதினோம். உழவு மெசின் திருத்துகிறவர், இடது பெருவிரலில் நகம் இல்லாதவர், கதைக்கும்போது கண்ணை மூடுகிறவர். கலியாணத் தரகரிடம் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அத்தானுக்குப் பெண்ணே கிடைத்திருக்காது என்று சொன்னேன். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அக்கா சிரித்தாள்.

பதில் போடக் கடையின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள். வேண்டாம் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்தக் கடையில் ஏறினோம். அக்கா பதில் தேடுவாள். நான் களக்காரரைத் தேடுவேன். இவ்வளவு சனம் எழுதுகிறது, இவ்வளவு சனம் வாசிக்கிறது, இதை வைத்திருக்க எங்கோ ஒரு இடத்துக்கு வாடகை கட்டத்தானே வேண்டும்? கட்டுவது யார்? தன் கைக்காசில் கட்டுகிறார் என்றால், ஏன்? வேறு யாரோ கட்டுகிறார்கள் என்றால், அது இன்னும் மோசம். அரச கச்சேரி அலுவலகத்தடியில் ஒரு வெள்ளை வாகனம் நின்றால் கூட, களத்தில் எழுதியவர்கள் யாரையாவது கடத்திக்கொண்டு போக வந்ததோ என்று நினைப்பேன். பயந்து பயந்துதான் அந்தத் திரைக்கு முன்னால் இருந்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தேன். திரையின் வலது கரையில் பெட்டி பெட்டியாக விளம்பரங்கள் வரும். அமெரிக்காவில் வீடு வாங்கக் கடன், கார் காப்புறுதி, வழுக்கைத் தலையில் மயிர் நடுகிற வைத்தியம். இவற்றை யார் போடுகிறார்கள் என்று கடைக்கார அண்ணையைக் கேட்டேன்.

"அது ஒரு பெரிய கொம்பனி போடுறது. ஆரும் அதை அழுத்தினா, களம் நடத்திறவருக்குக் கொஞ்சம் காசு விழும்."

பிடித்துவிட்டேன் என்று இருந்தது. "பாத்தியளோ! எங்கட அழுகையைக் காட்டி விளம்பரம் விக்கிறார்," என்று கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். வரிசையில் அக்காவைப் போலவே அங்கால் பக்கத்து ஆட்களைத் தேடும் பெண்கள் நின்றார்கள். அவர்கள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தி மட்டும் கேட்டாள்: "அழுத்தினா எங்களுக்குச் செலவில்லையோ?"

"இல்லை. அவருக்குத்தான் வரவு."

"அப்ப நல்லதுதானே," என்றாள் அவள்.

அடுத்த நாள் போனால், என் அக்கா வழுக்கைத் தலை வைத்தியத்தை அழுத்திக்கொண்டிருக்கிறாள். பிறகு கார் காப்புறுதி. பிறகு வீட்டுக் கடன். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது, அதற்கும் பிரேக் இல்லை.

"என்னக்கா செய்யிறியள்?"

"பக்கத்து வீட்டில இருந்து கறி வந்தா, கிண்ணத்தை வெறுமையாவோ திருப்பிக் குடுக்கிறது? கொஞ்சம் சீனியாவது போட்டுத்தானே குடுப்பம். இதுவும் அப்பிடித்தான். அந்த மனுசன் சும்மா செய்யிது, நாங்கள் பேசாமல் எழும்பிப் போறதோ?"

அவள் மட்டுமில்லை. கடைக்கு வந்த அத்தனை பெண்களும் எழும்புவதற்கு முன் விளம்பரங்களை வரிசையாக அழுத்திவிட்டே எழும்பினார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஒரு ஆச்சி அதற்கென்றே வந்து அழுத்திவிட்டுப் போனார். கடையில் இருந்த மூன்று கம்ப்யூட்டருக்கும் வெளியே போக ஒரே ஒரு லைன். லைன் இழுபடுகிறது என்று அண்ணை புறுபுறுத்தார், ஆனால் தடுக்கவில்லை. ஆள் வராத நேரத்தில் அவரும் அழுத்தினதை நான் கண்டேன்.

நான் அழுத்தவில்லை. அவர் எங்களால் கொழுத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மாதம் முடிய முன் ஒருநாள் பெட்டிகள் காணாமல் போயின. அந்த இடத்தில் களக்காரரின் அறிவித்தல். விளம்பரக் கொம்பனி கணக்கை மூடிவிட்டதாம். ஒரே இடத்திலிருந்து ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள், இது ஏமாற்று வேலை என்று சொல்லி, அதுவரை சேர்ந்ததையும் தரமாட்டோம் என்று எழுதிவிட்டார்களாம். அந்தக் காசு ஒருநாளும் களத்தின் வாடகைக்குப் போதவில்லை, மிச்சத்தைத் தன் சம்பளத்திலிருந்து போட்டு வந்தேன், அடுத்த தவணைக்கு இதைத்தான் நம்பியிருந்தேன், இனி ஏலாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார்.

என்னை விடச் சந்தேகக்காரக் கொம்பனி அது. திருகோணமலையில் பெண்கள் சீனி போட்ட கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்து, கள்ளர் என்று எழுதிவிட்டது. அப்போதும் எனக்குக் களக்காரர் மேல் முழு நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இனிக் காசு கேட்டு ஒரு வங்கி இலக்கம் வரும், பாருங்கள் என்று சொன்னேன். வரவில்லை. களம் மூடிப்போனது. அக்கா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அத்தானைத் தேட இருந்த ஒரே வழியும் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து, நான் சம்பளப் பத்திரம் கொப்பி அடிக்கப் போனபோது, கடைத் தொலைபேசியை அண்ணை என்னிடம் நீட்டினார். "வெளிநாட்டுக் கோல். உங்களுக்குத்தான்."

எதிர்ப்பக்கம் ஒரு ஆண் குரல். "உழவு மெசின் திருத்திறவரைத் தேடினது நீங்களோ?"

"அது அக்கா. நீங்கள் ஆர்?"

"களம் நடத்தினனான். மூடின பிறகு, அந்தப் பதிவை வாசிச்ச ஒருத்தரிட்ட இருந்து எனக்கு ஒரு ஈமெயில் வந்தது. மட்டக்களப்புப் பக்கம் முகாமில இருக்கிறாராம். சுகமா இருக்கிறாராம்." முகாமின் இடத்தையும் சொன்னார்.

அழுகை வந்தது. ஆனால் வாயில் வந்தது பழக்கப்பட்ட கேள்விதான். "களத்தையும் மூடிப்போட்டியள். இப்ப கோல் எடுத்துச் சொல்லுறியள். இதால உங்களுக்கு என்ன வருது?"



"முதலாவதா இருந்த பதிவை வாசிச்சனீங்களோ?"

"ஓம். மாதிரிக்குப் போட்டது."

"மாதிரியோ?" என்றார். "ஓ... அதுதான் ஒருத்தரும் பதில் போடேல்லையோ? அது என்ர அம்மா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவருடைய போன் கார்ட் முடிகிறதற்கான சத்தம் கேட்டது, அவர் ஒரு இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினார், அதற்குள் லைன் அறுந்தது. கடைக்கார அண்ணை போனைத் தட்டிப் பார்த்தார். வந்த கோலுக்கு இலக்கமும் விழவில்லை. கடை பூட்டும் வரை இருந்தேன், திரும்ப எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை.

அக்காவும் நானும் பஸ் ஏறினோம். கந்தளாயில் இறங்கி ஒரு சோதனை, அங்கால் போக இன்னொன்று, ஹபரணையில் இன்னொன்று என்று ஏறி இறங்கி ஒருவாறு போய்ச் சேர்ந்தோம். அத்தான் முகாம் வாசலில் யாருடையதோ தண்ணிப் பம்பைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். அக்காவைக் கண்டதும் "கண் எப்பிடி?" என்று கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு. அக்கா அவர் பக்கத்திலேயே நிலத்தில் குந்தினாள். அவர்களை அங்கே விட்டுவிட்டு நான் கூடாரங்களுக்குள் நடந்தேன்.

எனக்கு அந்தப் பதிவு மனப்பாடம். "செவ்விளநீர் மரம் ரெண்டு வாசலில நிண்ட வீடு, கோழி வளர்த்த அம்மா, ஒரு காது கேளாது," என்று கேட்டுக்கொண்டே போனேன். யாருமே யோசிக்கவில்லை. "அவவோ? அந்தக் கரையில," என்று கையைக் காட்டினார்கள். அவ்வளவு லேசாக இருந்தது.

கடைசித் தறப்பாளுக்குக் கீழே இருந்தார். காலில் கயிறு கட்டிய ஒரு பெட்டைக் கோழி பக்கத்தில். நான் இடது பக்கம் குந்தி, மகன் தேடுகிறார் என்று உரத்துச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு எவ்வளவு தந்தவன்?"

"ஒண்டும் தரேல்லை அம்மா. சும்மாதான் வந்தனான்."

"சும்மா ஆர் பிள்ளை வருவினம்?"

அவர் கோழிக்குக் கீழே கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"வெறுங்கையோட போகாத. இப்ப அவன்ர நம்பரைச் சொல்லு."

முட்டை இன்னும் சூடாக இருந்தது. என்னிடம் நம்பர் இல்லை.