ரோஸ் தாளில் இல்லாத இரண்டு வரிகள்

பெண்கள் உயிர் பிழைப்பதற்காக எழுதப்பட்ட ஒரு தாளிலிருந்து இரண்டு வரிகளை நான் நீக்கினேன். யாரும் சொல்லி நீக்கவில்லை. கவனக்குறைவும் இல்லை. தெரிந்தே செய்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளை நம்பிப் படித்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி.

ஆறு வருடங்களுக்கு முன் நடந்தது. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சபைக் குடும்பங்களின் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத வராது. ஆகவே கல்யாணப் பத்திரிகை, துக்க அறிவிப்பு, கல்லறைக் கல்லில் செதுக்கும் வாசகம் என்று எல்லாத் தமிழும் என் மேசைக்கு வரும். "செத்தா சவப்பெட்டிக்காரனுக்குக் கூட அப்புறம்தான் போன் பண்றாங்க, உங்களுக்குத்தான் முதல்ல" என்று என் மனைவி கேலி செய்வாள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்தத் தாளும் அப்படித்தான் வந்தது. பக்கத்து மருத்துவமனையின் டாக்டரம்மா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பெண்களுக்குச் சொல்வதற்காக ஒரு பக்கத்தில் விவரம் எழுதியிருந்தார். ஆங்கிலம் வெள்ளைத் தாளில், கன்னடம் மஞ்சள் தாளில் அச்சாகிவிட்டது. தமிழுக்கு ரோஸ் தாள் தயாராக இருந்தது.

"சார், எங்ககிட்ட வர்ற வயசான அம்மாங்க நிறைய பேருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். நான் தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது. நீங்க எழுதினா அப்படியே அச்சுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

நல்ல தாள் அது. இந்த நோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே அதன் தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிறுமிகளுக்குத் தடுப்பூசி உண்டு. இவையெல்லாம் அதில் இருந்தன. கடைசியில், "இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் வாருங்கள்" என்ற தலைப்பின் கீழ் ஆறு புள்ளிகள் வைத்து ஆறு அறிகுறிகள்.

நான்கை எழுதிவிட்டேன். மாதவிடாய்க்கு இடையில் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், நாற்றத்துடன் நீர்போல் வெளியேறுவது, அடிவயிற்றிலும் இடுப்பிலும் ஓயாத வலி. மற்ற இரண்டும் உடலுறவைப் பற்றியவை. உறவுக்குப் பின் இரத்தம் வருவது ஒன்று, உறவின்போது வலிப்பது ஒன்று.

பேனாவைக் கீழே வைத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்தில் இதைக் கொடுப்பார்கள். என் பெயர் போடாவிட்டாலும் தமிழ் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். என்னிடம் படித்த பெண்கள் இதைப் படிப்பார்கள். வாத்தியார் இதையெல்லாமா எழுதினார் என்று சிரிப்பார்கள். அந்த இரண்டும் உள்ளவளுக்கு மற்ற நான்கில் ஒன்று எப்படியும் இருக்கும், நான்கு போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதிய நான்கையும் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

ரோஸ் தாள் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைத் தங்கையிடம் என் கையாலேயே கொடுத்தேன். எனக்கும் அவளுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். பிரேசர் டவுனில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கன்னடம் சரளமாகப் பேசுவாள், ஆனால் படிக்க வருவது தமிழ் மட்டும்தான். தாளை நான்காக மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்தாள்.

போன வருடம் ஒரு நாள் காலையில் அவளிடமிருந்து போன்.

"அண்ணா, நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றியா? அவருக்கு லீவு இல்ல. தனியா போக பயமா இருக்கு."

"என்னம்மா, என்ன செய்யுது?"

"நீ குடுத்த பேப்பர்ல மூணாவதா போட்டிருக்கே, அது."

மூன்றாவது எது என்று எனக்கு உடனே நினைவு வந்தது. கையில் இருந்த காப்பியை அதற்கு மேல் குடிக்க முடியவில்லை.

மறுநாள் மருத்துவமனைக் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் ஒருத்தர் விவரம் எழுதிக்கொள்ள வந்தார். கன்னடத்துக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். மஞ்சள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். நாலாவதைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுக்காரர் கூட இருந்தப்புறம் ரத்தம் வருமாம்மா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"வந்துச்சு. மூணு வருஷம் ஆச்சு. வயசானா அப்படித்தான் போலன்னு நினைச்சேன். அவரை ஹால்ல படுக்கச் சொல்லிட்டேன். அப்புறம் வரல. சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"ஐயோ, அது சரியானது இல்லம்மா. பேப்பர்ல இதைப் போட்டிருக்கே, பார்க்கலையா?"

"போடலையே. நான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன். இருந்தா எங்க அண்ணன் எழுதியிருக்கும்ல?" என்று சொல்லிப் பையிலிருந்த வேதாகமத்தைத் திறந்து ரோஸ் தாளை நீட்டினாள்.

நர்ஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பேனா முனையால் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போனார். மஞ்சளில் ஆறு. ரோஸில் நான்கு. மறுபடியும் எண்ணினார்.

"சார், தமிழ்ல ரெண்டு கம்மி இருக்கே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிரஸ்காரன் விட்டிருப்பான்" என்றேன்.

வரிகளை நீக்கியது கூச்சத்தால் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பொய்க்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை.

பரிசோதனை அறைக்குள் அவள் போனாள். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் முழுவதும் போன் ஒலித்தால் என் மனைவியை எடுக்கச் சொன்னேன். துக்க அறிவிப்பு எழுதச் சொல்லி ஒரு வீட்டிலிருந்து வந்தார்கள். உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். 'அன்புச் சகோதரி' என்ற சொல் வந்ததும் எழுத முடியாமல், காய்ச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

முடிவு பயந்தபடியே வந்தது. கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பரவியிருக்கிறது, அறுவை சிகிச்சையால் முடியாது, கதிர்வீச்சும் மருந்தும் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. தங்கை வெளியே போனதும் நான் மட்டும் பின்தங்கினேன்.

"மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா?"

"உறுதியா எதுவும் சொல்ல முடியாது சார்" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "ஆனா சின்னதா இருந்திருக்கும்" என்றார்.

கதிர்வீச்சுக்குத் தினமும் ஆட்டோவில் அவளை அழைத்துப் போனேன். இரண்டாவது வாரம், சிகிச்சை முடிந்து மருத்துவமனை கேண்டீனில் அவள் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் வயிறு எதையும் ஏற்கவில்லை. கை எலும்பு தெரிந்தது. இன்று சொல்லாவிட்டால் சொல்லாமலே போய்விடும் என்று பயம் வந்தது.

"பிரஸ்காரன் இல்லம்மா. நான்தான். டாக்டரம்மா குடுத்ததுல அந்த ரெண்டு வரியும் இருந்துச்சு. வெட்கப்பட்டு விட்டுட்டேன்."

டம்ளரை வைத்தாள்.

"ஸ்கூல்ல பசங்க செய்யுள்ல ஒரு வரி விட்டா முட்டி போட வைப்பியே அண்ணா" என்றாள். "நீ ரெண்டு விட்டிருக்க."

ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கி, "நாளைக்கு நீ வர வேணாம்" என்றாள்.

நான்கு நாட்கள் மாப்பிள்ளை விடுப்பு எடுத்து அவளை அழைத்துப் போனார். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். உள்ளே வரச் சொல்லியும் வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், அவ என்னை ஹால்ல படுன்னா. ஏன்னு சொல்லல. என்மேல வெறுப்புன்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் அவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல நான். அந்த வரி இருந்திருந்தா எனக்காவது காட்டியிருப்பாளே."

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவர் அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் தங்கையிடமிருந்து போன். "பேப்பர், பேனா எடுத்துட்டு வா."

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் தலையில் துண்டு சுற்றியிருந்தாள்.

"நான் சொல்றேன், நீ எழுது. உன் தமிழ் வேணாம்" என்றாள். "புருஷனோட இருந்த பிறகு ரத்தம் வந்தால். ஒரு தடவை வந்தாலும்."

பேனா தயங்கியது. அவள் அதைக் கவனித்தாள்.

"இன்னும் என்ன வெக்கம் உனக்கு? அங்க எத்தனை பேர் முன்னாடி காலை அகட்டிப் படுக்கறேன்னு தெரியுமா? எழுது."

எழுதினேன். அடுத்ததையும் எழுதினேன். அதன் கீழே அவள் இன்னொன்றைச் சேர்த்தாள்.

"புருஷனைத் தள்ளிப் படுக்க வெச்சதும் ரத்தம் நின்னா, நோய் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. போடு."

ஏழாவது புள்ளி வைத்தேன்.

"இன்னொன்னு இருக்கு. எல்லாத்தையும் உன் தலையிலயே தூக்கிப் போட்டுக்காத. உன் பேப்பரைப் படிச்சுட்டு நான் அப்பவே ஒரு தடவை டெஸ்டுக்குப் போனேன். அந்தக் கட்டிலையும், கால் தூக்கி வைக்கற கம்பியையும், தட்டுல இருந்த சாமானையும் பார்த்து, பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டேன். உள்ள என்ன பண்ணுவாங்கன்னு எந்தப் பேப்பர்லயும் இல்ல."

"வலிக்காதுன்னு போடட்டுமா?"

"பொய் எழுதாத. இறுக்கற மாதிரி இருக்கும், சில நிமிஷம்தான், மூச்சை மெதுவா விட்டா தாங்கிக்கலாம். பயமா இருந்தா நிறுத்தச் சொல்லலாம், நிறுத்துவாங்க. இப்படி எழுது."

அப்படியே எழுதினேன். டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு போய், செய்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "உங்களை நம்பித்தானே சார் குடுத்தேன்" என்றார். வேறொருவரை வைத்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே அச்சுக்கு அனுப்பினார். அது நியாயம்தான். நர்ஸ் புதிய தாளை வாங்கி முன்போலவே புள்ளிகளை எண்ணினார். "இப்ப தமிழ்ல ஜாஸ்தி இருக்கே?" என்றார். கூடுதல் வரிகள் என்னவென்று விளக்கியதும், அவற்றை மஞ்சள் தாளின் ஓரத்தில் கன்னடத்தில் தன் கையால் எழுதிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நானே நின்று கொடுத்தேன். எழுத்தில் ஒளித்தவன் முகத்தையாவது காட்ட வேண்டும் என்று நினைத்தேன். சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, "என்ன வாத்தியாரே, கோயில்ல குடுக்கற பேப்பரா இது?" என்றார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றேன். "என் தங்கச்சி கதிர்வீச்சுக்குப் போயிட்டிருக்கா."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் கொடுத்தாரா என்று தெரியாது.

பழைய தாளைத் திரும்ப வாங்க வீடு வீடாகப் போனேன். சிலர் வைத்திருந்தார்கள், பலர் எங்கே போனதென்றே தெரியாது என்றார்கள். ஒரு வீட்டில் அலமாரித் தட்டில் விரித்து மேலே ஊறுகாய் ஜாடி வைத்திருந்தார்கள். என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது நாற்பது வயது இருக்கும், கேட்டருகே நின்றபடியே புதிய தாளை முழுவதும் படித்தாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"சார், ஒரே ஒரு தடவைதான். அதுக்கும் போகணுமா?"

"போகணும்மா. இன்னைக்கே போ. தனியாப் போக பயமா இருந்தா என் தங்கச்சி வருவா."

தங்கை அவளுடன் போனாள். கதிர்வீச்சு முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அறைக்குள்ளும் கூடவே நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். நோயாக மாறாத நிலை, தொடக்கம்தான் என்று முடிவு வந்தது. ஒரு பகலில் சிகிச்சையை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இதை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை எழுத வைத்தவள் தங்கை. முதலிலேயே அதை எழுதியிருந்தால் அவளும் அப்படி ஒரு பகலில் வீடு திரும்பியிருக்கலாம்.

இப்போது அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. மாப்பிள்ளையும் வருகிறார், எனக்கும் அவருக்கும் நடுவில் பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்கிறார். அவள் உள்ளே இருக்கும் நேரத்தில் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருப்போம். போன தடவை, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல, மறுபடியும் வாங்க" என்றார்கள். வெளியே வந்ததும் அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நோய் எனக்கா, உங்களுக்கா?" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். என்னால் முடியவில்லை.

கிடைக்காத ரோஸ் தாள்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. நான்கு புள்ளிகளை மட்டும் படித்துவிட்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று அதை மடித்து வைத்துக்கொள்பவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பத்திரிகை எழுதித் தரச் சொல்லி யார் வந்தாலும், எழுதி முடித்த பிறகு அவர்களுடனேயே அவர்கள் வீடு வரை போய், அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்கிறேன்.