உட்கரு இல்லாத பக்கம்

என் அத்தை, நைனாவின் தங்கை, பதினெட்டு வயதில் தாலியை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஒரு மாதம் நைனாவோடு பேசாமலிருந்துதான் திருப்பதி காலேஜில் சேர்ந்தாள். ஒரு தடவை தவறினாலும் படிப்பு நின்றுவிடும் என்பது அவர் போட்ட நிபந்தனை. நகரிப் பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராசோடு போகுமா என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பரீட்சைக்கு முந்தின லீவில் அத்தை ரெக்கார்டு நோட்டை முடித்தாள். ஒரே செல்லால் ஆன உயிர்களை இரண்டாகப் பிரித்து வரைந்திருந்தாள். அமீபா, ஈஸ்ட் எல்லாம் ஒரு பக்கம். அவற்றுக்குள் கறுப்பாக உட்கரு. பாக்டீரியாவும் நீலப்பச்சைப் பாசியும் மறுபக்கம். அவற்றுக்கு உட்கரு கிடையாது. அதுதான் பாடமே. ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வெறும் நெற்றியோடு இருப்பவர்களை நல்ல காரியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதுதான். அத்தையை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் பென்சிலாலேயே, பொட்டில்லாத அந்தப் பக்கம் முழுக்க, ஒன்று விடாமல், பொட்டு வைத்தேன். பாவம் பார்த்துச் செய்ததுதான்.

மறுநாள் அத்தை நோட்டைத் திறந்து பார்க்காமலே பஸ் ஏறினாள். மைக்ராஸ்கோப்பில் பார்க்காமலே வரைந்தவள் என்று சொல்லி லெக்சரர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கையெழுத்தில்லாமல் பரீட்சை எழுத முடியாது. நான்காம் நாள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"யாரு வச்சது இதெல்லாம்?" என்றார் நைனா.

அத்தை என்னைப் பார்த்தாள். "நாந்தாண்ணா. கவனிக்காம வச்சிட்டேன். அடுத்த வருசம் எயுதுறேன்."

"ஊரு எந்தப் பக்கம் போவுதுன்னே தெரில. அது முடிவாவட்டும், பாத்துக்கலாம்."

எல்லை முடிவாக வருஷங்கள் ஆயின. அதற்குள் எங்கள் வீட்டு அடுப்படி முழுவதும் அத்தை தலையில் வந்து விழுந்திருந்தது. நைனாவுக்கு அது வசதியாகவே இருந்தது. அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

அன்றைக்கோ, அத்தை இனிமேல் திருப்பதிக்குப் போகமாட்டாள், தினமும் எனக்குத் தலை பின்னிவிடுவாள் என்று அம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் வீடு வீடாக ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.