வேதபாடத்தின் நடுவே நின்றுபோன நாற்பது விநாடிகள்

ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து மூன்று மாதங்களாகத் தள்ளிப்போட்டேன். சபையில் எழுந்து நின்று பேசும் துணிவு எனக்கில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வசிக்கிறோம். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். சென்ற ஆண்டு ஜூனில் எனக்குத் தலைவலி தொடங்கியது. இடப்பக்க நெற்றிப்பொட்டில் எழுந்து கண்ணுக்குப் பின்னால் இறங்கும். மூன்று மணி நேரம் ஒரு வரி படிக்க விடாது. கண்ணாடியை இருமுறை மாற்றினோம். ஆவி பிடித்தேன். எங்கள் தெரு மருத்துவர் மைக்ரேன் என்று மாத்திரை எழுதினார். பிப்ரவரி வந்தும் வலி போகவில்லை.

அம்மா வெள்ளிதோறும் உபவாசம் இருந்தார். "இந்த வலியை எடுத்துப்போடும்" என்று எட்டு மாதம் ஒரே வாக்கியத்தை ஜெபித்தேன். பதில் இல்லை. பிறகு ஜெபத்தில் முழங்கால் மட்டும் இருந்தது, நான் இல்லை.

நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். ஒவ்வொரு வலியையும் நாள், நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். அந்த அம்மையார் அதைப் புரட்டினார்.

"வலி வந்த பிறகு நடந்ததெல்லாம் அழகா எழுதியிருக்கியேம்மா. வர்றதுக்கு முன்னாடி என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகல டாக்டர்."

"கூட இருக்கிறவங்க எதாவது கவனிச்சாங்களா?"

அம்மாவும் அப்படி எதையும் கவனித்ததில்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது என் முறை. வழக்கமாக அம்மா முதல் வரிசையில் அமர்வார். அன்று கணுக்கால் சுளுக்கிக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆராதனையைச் செல்பேசியில் நேரலையாகப் பார்ப்பதாகச் சொன்னார். இதுவும் நடக்க வேண்டுமா என்று சலித்துக்கொண்டேன். புறப்படும்முன், களைப்பில், என் வாக்கியம் மாறியது. "எடுக்காவிட்டால் போகட்டும். இது என்னவென்றாவது காட்டும்."

வாசித்து முடித்து இறங்கினேன். வலி வந்துவிட்டது. வெளியே எங்கள் சபையின் மேரி ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி உருகிப்போய் நின்னே பாப்பா! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கேட்டார், "ஏன்டி நடுவுல நிறுத்தின?"

"நான் எங்கம்மா நிறுத்தினேன்?"

"முதல்ல நெட்டு மாட்டிக்கிச்சுன்னுதான் நெனச்சேன். போனைக்கூடத் தட்டினேன். ஆனா பின்னாடி ஃபேன் சுத்திக்கிட்டே இருக்குடி. நீ மட்டும் நிக்கிற."

பதிவை ஓடவிட்டோம்.

திரையில் நான் வாசிக்கிறேன். ஒரு வசனத்தின் பாதியில் குரல் நிற்கிறது. கண்கள் திறந்திருக்கின்றன, எதையும் பார்க்கவில்லை. உதடுகள் எதையோ மெல்லுவதுபோல் அசைகின்றன. வலது கை முக்காட்டின் நுனியைத் திருகித் திருகி விடுகிறது. சபையில் யாரோ "ஆமென்" என்கிறார்கள். நாற்பது விநாடிகள். பிறகு, ஏற்கெனவே வாசித்த மூன்று சொற்களை மறுபடி சொல்லித் தொடர்ந்து வாசிக்கிறேன்.

எனக்கு எதுவும் நினைவில் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. என் முகத்தோடு வேறொருத்தி அங்கே நின்றதுபோல் இருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மருத்துவர் அந்தப் பதிவை மூன்று முறை பார்த்தார்.

"இது வலிப்பும்மா. தலைவலி அதுக்குப் பின்னாடி வர்றது."

"வலிப்புன்னா கீழ விழுந்து, வாயில நுரை..."

"எல்லாருக்கும் அப்படி வராது. உனக்கு வந்து போறதே தெரியல. வலி மட்டும்தான் தெரியுது. அதைத்தான் நீ எழுதிட்டு வந்தே."

இ.இ.ஜி. பரிசோதனையும் அதையே சொன்னது.

அன்று திரும்பும்போது வேளச்சேரி சாலையைக் கடக்க முடியாமல் நின்றேன். எட்டு மாதம் தினமும் இருமுறை தனியாகக் கடந்த சாலை. பேருந்துகள் சீறிக்கொண்டு போயின. அந்த நாற்பது விநாடிகள் ஒருநாள்கூட என்னை இதன் நடுவில் நிறுத்தவில்லை. எட்டு மாதம் பதிலே இல்லை என்று கணக்குச் சொன்னவள் நான். அங்கேயே நின்று அழுதேன்.

அம்மா அன்று முன்வரிசையில் இருந்திருந்தால் அவரும் கண்கலங்கியிருப்பார். எங்களுக்கு எதுவும் தெரியவந்திருக்காது. கேட்ட அன்றே ஆண்டவர் காட்டினார். எட்டு மாதம் நான் அதைக் கேட்கவே இல்லை.

இப்போது காலையும் மாலையும் மாத்திரை. அதன்பின் ஒரே ஒருமுறைதான் வலி வந்தது. அது மாத்திரையை மறந்த நாள். தேர்வு எழுதிவிட்டேன். "வெளிய சொல்லாதடி, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரும்போது..." என்று அம்மா தயங்கினார். இதை வாசித்துக் காட்டியபோது கடைசிவரை கேட்டார். பிறகு, "உன் பேரைப் போட்டே குடு" என்றார்.

சகோதரிகளே, பதில் வராத ஜெபம் உங்களிடம் இருந்தால் விட்டுவிடாதீர்கள். குணமாக்கும் என்று கேட்பதோடு காட்டும் என்றும் கேளுங்கள், மருத்துவரிடமும் போங்கள். இரண்டிலும் ஆண்டவரை நம்பலாம். ஆராதனையில் உங்கள் அருகில் ஒருத்தி அசையாமல் நின்றால், உருகுகிறாள் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் போய் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரும்வரை கூடவே நில்லுங்கள்.

ஷீபா