ஏழாவது படிக்குக் கீழே

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ஜெராக்ஸக்கா. பதினெட்டு வருடமாக ஒரே கடை, ஒரே மெஷின். தெருவில் யாருடைய காகிதமும் அவள் கை படாமல் போனதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை; அதில் ஒன்றில், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையான அக்கா.

மாதத்தின் முதல் ஞாயிறு, நாலு மணிக்கு வார்டுக் கூட்டம். சந்தைக் கட்டடத்தின் அடித்தளத்தில் மண்டபம். படியிறங்கும்போது ஏழாவது படியில் போனில் சிக்னல் செத்துவிடும். அதற்குக் கீழே இன்டர்நெட் கிடையாது. "கம்பி வழியா நேரலை போகுதுல்ல, வீட்ல இருக்கறவங்க எல்லாம் பார்க்கறாங்க" என்பார் வார்டு செயலாளர். மேடையோரம் ஒரு கேமரா, சின்னச் சிவப்பு விளக்கோடு, கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அன்று பேச்சு, தெரு ஆஸ்பத்திரியைப் பற்றி. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றப்போகிறார்களாம். ஜெராக்ஸக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாரம் இரண்டு தடவை அக்காவைச் சக்கர நாற்காலியில் அங்கேதான் தள்ளிக்கொண்டு போகிறாள். பின்சுவரோரம் நின்றபடியே கேட்டாள்.

"நடக்க முடியாதவங்க அந்த ரோட்டை எப்படிங்க தாண்டுவாங்க?"

செயலாளர் குறித்துக்கொண்டார். முடிவு எதுவும் சொல்லாமல் கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்தால், நேரலையைப் பார்த்திருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருடி. ஆஸ்பத்திரியை மாத்த சம்மதமான்னு கேட்டா, முதல் ஆளா கையைத் தூக்கற."

"நானா? நான் கேள்விதானே கேட்டேன்."

"மூணாவது வரிசையில உட்கார்ந்து, அந்த நீலச் சால்வையைப் போர்த்திக்கிட்டு. எனக்கு இடுப்புதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு."

நீலச் சால்வை இஸ்திரிப் பெட்டியில் பொசுங்கி, குப்பைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

அடுத்த மாதம் கூட்டத்துக்குப் போகாமல் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். செயலாளரின் குரல் அன்றைய தேதியைச் சொன்னது. திரையில் கூட்டம் தெரிந்தது. மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். நீலச் சால்வை, தலையில் இவ்வளவு நரை இல்லை. "சம்மதமா?" என்று குரல் கேட்க, வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. அவள் கையும். பக்கத்து நாற்காலியில் தையல்காரர். போன வருடம் மாரடைப்பில் போனவர். அவருடைய இறப்புச் சான்றிதழை ஆறு நகல் எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். அவர் நிதானமாகக் கையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"குடிதண்ணிக் குழாய் வேணும்னு மூணு வருஷம் முன்னாடி கை தூக்கினோமே, அந்தக் கூட்டம்க்கா இது" என்றாள் மெல்ல. "குரல் மட்டும்தான் புதுசு."

காரணம் தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. திரையில் இருந்தவள் இன்னும் கையை இறக்கவில்லை.

அந்தப் படத்தைப் போனிலிருந்து எடுத்து அறுபது நகல் போட்டாள். தையல்காரரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவி கடை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இதை யாருக்கும் காட்டாதீங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு மாசமா பார்க்கறேன். சட்டைக் கையில ஊசி குத்தியிருக்கு பாருங்க, அதோடயே வெளிய கிளம்பிடுவாரு. நான்தான் திட்டுவேன். மாசத்துல ஒரு நாள் வர்றாரு. கெடுத்துடாதீங்க."

உள்ளேயிருந்து அக்கா புரண்டு படுக்கும் முனகல் கேட்டது. ஜெராக்ஸக்கா பேனாவை மூடி வைத்தாள். "என்னை மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நகல்களை அடுக்கி வைத்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பே போய், முதல் வரிசையில், பச்சைச் சால்வையோடு உட்கார்ந்தாள். கூட்டம் தொடங்கியதும் எழுந்து நகல்களை விநியோகித்தாள். எல்லோரும் காகிதத்தில் தங்கள் முகத்தையே தேடினார்கள். சிலர் பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டார்கள். செயலாளர் கோபப்படவே இல்லை.

"லைன் கட்டாகி பழைய படம் ஓடியிருக்கும்மா. புதுசா போடச் சொல்லிடறேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த மாதக் கூட்டத்தை மூன்று பெண்களும் ஒரே போனில் பார்த்தார்கள். அவளோடு பேச்சை நிறுத்தியிருந்த தையல்காரர் மனைவியும் வந்திருந்தாள். செயலாளரின் குரல் அன்றைய தேதியைச் சொன்னது. முதல் வரிசையில் பச்சைச் சால்வையோடு ஜெராக்ஸக்கா உட்கார்ந்திருந்தாள். "ஆஸ்பத்திரியை மாத்த சம்மதம்தானே?" என்றது குரல். திரையிலிருந்தவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பக்கத்து நாற்காலி காலியா என்று போன மாதம் யாரோ கேட்டதற்கு ஆட்டிய தலை அது.

தையல்காரர் மனைவி திரைக்கு அருகில் குனிந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். கடைசி வரிசை வரைக்கும் பார்த்தாள்.

"இன்னிக்கு அவர் வரல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வாரத்தில் இரண்டு காலை கடையைப் பூட்டிவிட்டு, பாலத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் அவள் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறாள். கூட்டத்துக்கு இன்னும் போகிறாள். பின்சுவரோரம் நிற்கிறாள். யார் என்ன கேட்டாலும் வாயால் பதில் சொல்கிறாள். தலையை மட்டும் அசைப்பதில்லை.