பின்சீட்டில் கனம் இல்லை

இது நடந்ததுதான். கட்டிச் சொன்ன கதை என்று நினைப்பவர்கள் சிவகாசிக்கு வந்து சரவணக்குமாரின் பழைய மாருதி எண்ணூறின் பின்கதவைத் திறந்து பார்க்கலாம். அவன் தடுக்க மாட்டான். சீட்டை மட்டும் தொட விடமாட்டான்.

சரவணக்குமாருக்கு ஆப்செட் அச்சகத்தில் வேலை. பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பவன். அவனுடைய சிநேகிதன் சங்கிலிமுத்து, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவன். மூன்றாவது ஆள் சாபிர். விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிற குடும்பம். லோடு வண்டியைத் தானே ஓட்டி வருவான். இந்த மூன்று பேரையும் சேர்த்து வைத்தது கார். அதுவும் நம் ஊர்த் தெருவில் ஓடுகிற கார் இல்லை. போனில் மட்டுமே பார்த்திருந்த, கோடிகளில் விலை சொல்கிற, சீறிப் பாய்கிற கார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் டீக்கடையில் கூடுவார்கள். சண்டை எப்போதும் ஒன்றுதான். சரவணனுக்குப் பிடித்தது ஜிடிஆர். இன்ஜின் முன்னால், நாலு சக்கரமும் இழுக்கும். சங்கிலிக்கு போர்ஷே நைன் லெவன். அதற்கு இன்ஜின் பின்னால்.

"இன்ஜினக் கொண்டுபோய்ப் பின்னால தொங்கவிட்டா, வளைவுல வண்டி வாலச் சுத்திக்கிட்டுப் போகாதாலே?" என்பான் சரவணன்.

"கனம் பின்னால இருந்தாத்தாம்லே சக்கரம் ரோட்டக் கடிக்கும். மிதிச்ச ஒடனே எந்திரிச்சு ஓடும்."

"நம்ம ராக்கெட்டப் பாரு. மருந்து முன்னாலதான இருக்கு? குச்சிதான பின்னால?"

"அதான் அது எங்கன போவும்னு அதுக்கே தெரிய மாட்டேங்கு. போன தீவாளிக்கு ஒன் ராக்கெட்டு எங்க வீட்டுக் கூரையிலல்லா விழுந்துச்சு."

சாபிர் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். பக்கத்து பெஞ்சும் சிரித்தது.

சரவணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த நேரத்தில் வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"போர்ஷேயாம் போர்ஷே. என் எண்ணூறுலயே நீ இன்னும் ஏறுனது கெடையாது. பேச வந்துட்ட."

சங்கிலி ஏறாததற்குக் காரணமும் சரவணன்தான். முந்தின கோடையில் ஒருநாள் வேலை முடிந்து, தலை முதல் கால்வரை மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி படிந்து, வெள்ளியில் வார்த்த சிலை மாதிரி வந்து நின்று, "டவுன் வரைக்கும் வரட்டாலே?" என்று சங்கிலி கேட்டிருந்தான். "குளிச்சிட்டு ஏறு. சீட்டெல்லாம் வெள்ளியாயிரும்" என்றான் சரவணன். விளையாட்டாகத்தான் சொன்னான். "அதுவும் சரிதான்" என்று பஸ்ஸில் போனவன் அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஏறவில்லை. கேட்கவும் இல்லை.

இப்போதும் அவன் கோபப்படவில்லை. கிளாஸை வைத்தான். எழுந்து கடைக் கூரையைத் தாங்கிய இரும்புக் கம்பத்தை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டான். அது அவனுடைய தொழில் பழக்கம். மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டாக வேண்டும். உடம்பில் ஓடுகிற மின்சாரம் மண்ணில் இறங்க வேண்டும். ஒரு பொறி போதும், அறையே போய்விடும். பத்து வருடப் பழக்கம். வீட்டுக் கதவைத் திறப்பதற்கும் அவன் இரும்பைத் தேடுவான்.

"வாரேம்லே" என்றான். போனான்.

இரண்டு செவ்வாய், இரண்டு வெள்ளி. அவன் டீக்கடைக்கு வரவில்லை.

சரவணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரம் பூச்சட்டிப் பெட்டிக்கு ஒரு லேபிள் ஆர்டர் வந்தது. சிவப்புக் கார் ஏதாவது போடுங்கள் என்றார்கள். சரவணன் போர்ஷேயைப் போட்டான். அச்சடித்த முதல் நல்ல தாளைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுத் தன் காரின் பின்சீட்டில் வைத்தான். தாளைக் கொடுக்க வேண்டும். 'தப்பாச் சொல்லிட்டேம்லே' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மாசி மாதம். மதியம் பன்னிரண்டரைக்கு முதலாளி திடீரென்று கூப்பிட்டு, லேபிள் கட்டு கொஞ்சம் கோவில்பட்டியில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். சரவணன் வேறு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான். இரண்டு மணிக்கு அவனுடைய போனில் சார்ஜ் தீர்ந்தது. கட்டைக் கொடுத்து, கணக்குப் பார்த்து, திரும்பும்போது மணி 5.50. வெம்பக்கோட்டை வழியாக வந்தான். வழியில் சங்கிலி வீட்டில் இறங்கிவிடலாம் என்று நினைப்பு.

6.31. தாயில்பட்டிக்குள் வந்தான். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. விளக்கு இல்லை. தெருவில் ஒரு ஆள் இல்லை. கரிந்த மருந்து வாடை அடித்தது. அந்தப் பக்கத்தில் அது புதிதில்லை என்பதால் அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். நடுரோட்டில் ஒரு நாய் நின்று ஆலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. குரைக்கவும் இல்லை.

6.38. ஊர் எல்லைப் பலகை.

அதன் கீழே சங்கிலிமுத்து நின்றான்.

வேலை உடுப்பிலேயே நின்றான். காலில் செருப்பு இல்லை. தலை, முகம், கை, கால் எல்லாம் வெள்ளிப் பொடி. அந்தி மங்கலில் லேசாக மினுங்கினான். 'குளிச்சிட்டு ஏறு' என்று கேட்ட நாளிலிருந்து, குளிக்காமல் ஆலையை விட்டு வராதவன் அவன்.

சரவணன் வண்டியை நிறுத்தினான். சங்கிலியைக் கண்டதில் அவனுக்குச் சந்தோஷம்.

"ஏறுலே."

"குளிக்கலியே..."

"சீட்டு கெடக்கு. நீ ஏறு. முன்னால வா."

சங்கிலி பலகையின் இரும்புக் காலை உள்ளங்கையால் தொட்டான். ஒருமுறை. பிறகு பின்கதவுப் பக்கம் போனான்.

"பின்னாலயே இருக்கேன். கனம் பின்னால இருக்கட்டும்."

சரவணன் வாய்விட்டுச் சிரித்தான். பதினேழு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. வண்டியைக் கிளப்பினான்.

6.44. முதல் வேகத்தடை.

காரைக் காதலிக்கிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோய் உண்டு. இந்த எண்ணூறுக்குப் பின்பக்கம் இடது ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்தால்கூட, வேகத்தடையில் டயர் தகரத்தில் உரசும். கிர்ர்ர்... என்று கேட்கும்.

கேட்கவில்லை.

6.47. இரண்டாவது வேகத்தடை. வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினான்.

கேட்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். சங்கிலி இருந்தான். மடியில் கை. முகம் தெரியவில்லை. மினுக்கம் மட்டும் தெரிந்தது.

ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி லேசாக, ஒற்றை ஆளோடு போவது மாதிரியே இழுத்தது.

"பக்கத்துல ஒரு தாளு சுருட்டிக் கெடக்கும் பாரு. ஒனக்குத்தான்" என்றான் சரவணன்.

ரப்பர் பேண்டு கழன்ற சத்தம். தாள் விரிகிற சத்தம்.

"போர்ஷே."

"ஆமாலே."

தாள் மறுபடி சரசரத்தது.

"திருப்பிப் போட்டுட்டியே. பெட்ரோல் மூடி வலது பக்கம்லா இருக்கும். இதுல இடது பக்கம் இருக்கு."

சரவணனுக்கு நினைவு வந்தது. எழுத்துக்கு இடம் வேண்டும் என்று படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தான். அச்சகத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவனே கண்டுபிடிக்கவில்லை. போர்ஷேயைத் தூரத்தில்கூட நேரில் பார்த்திராத சங்கிலி சொல்லிவிட்டான்.

ஆனால்...

வெளியே முழுக்க இருட்டியிருந்தது. காருக்குள் விளக்கு எரிந்து எட்டு மாதம் ஆகிறது.

எதை வைத்துப் பார்த்தான்?

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

இன்ஜின் சத்தம் கேட்டது. காற்று கேட்டது. தன் மூச்சு கேட்டது.

இன்னொரு மூச்சு... கேட்கவில்லை.

"சங்கிலி... அன்னைக்கு நான் சொன்னது..."

"ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துலே. ஒன் மதினி அங்கன நிக்கா."

"ஏம்லே? என்ன ஆச்சு?"

கண்ணாடியில் மினுக்கம் அசையாமல் இருந்தது.

'தப்பாச் சொல்லிட்டேன்.' இரண்டே சொல். தொண்டை வரைக்கும் வந்தது. இறங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினான்.

7.06. சிவகாசி. ஆஸ்பத்திரி வாசல்.

கூட்டம். போலீஸ். வரிசையாக ஆம்புலன்ஸ். தரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள் சங்கிலியின் மனைவி மாரிசெல்வி. சுற்றிலும் பெண்கள். யாரோ ஒருவர் உரக்கப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சரவணனுக்குப் புரிந்தது, எங்கோ ஆலையில் வெடித்திருக்கிறது.

கண்ணாடியில் பார்த்தான். மினுக்கம் இருந்தது. போன உயிர் வந்தது அவனுக்கு. இறங்கி ஓடினான்.

"மதினி, அழாதீக. அவனுக்கு ஒண்ணுமில்ல. என் வண்டிலதான் இருக்கான். நாந்தான் கூட்டியாந்தேன்."

மாரிசெல்வி நிமிர்ந்தாள்.

அந்த முகத்தை அவனால் சாகும்வரை மறக்க முடியாது. விளக்கேற்றியது மாதிரி ஆனது. விழுந்து எழுந்து ஓடினாள். கூட்டம் விலகியது. பின்கதவைப் பிடித்து இழுத்தாள்.

யாரும் இல்லை.

சீட்டில் வெள்ளிப் பொடி. ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு. தாள் விரிந்து கிடந்தது.

"எங்க தம்பி? இங்கனதான இருக்காகன்னு சொன்னீக? எங்க?"

சீட்டுக்கு அடியில் தேடினாள். முன்பக்கம் தேடினாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள். அவன் திறந்து காட்டினான்.

காலி.

அவள் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே மெல்ல உட்கார்ந்தாள்.

சுவரோரமாகச் சாபிர் நின்றிருந்தான். சட்டை முழுக்க வெள்ளிப் பொடியும் ரத்தமும். சரவணனை ஓரமாக இழுத்துப் போனான்.

"மாரிசெல்விகிட்ட சொல்லத் தைரியமில்லாம மூணு மணி நேரமா நிக்கேன். நீ என்னலே சொல்லி வச்சிருக்க?"

"அவன் என் வண்டில வந்தாம்லே..."

"மூணு இருபதுக்கு வெடிச்சிருக்கு. நான் வத்தல் லோடு ஏத்திக்கிட்டு அந்த வழியா வந்தேன். ஆம்புலன்ஸ் வரல. என் வண்டிலதான் தூக்கிப் போட்டுக் கொண்டாந்தேன். நாலு பத்துக்கு இந்த வாசலுக்கு வந்தாச்சு. அதுக்கு முன்னாலயே போயிட்டான்."

சரவணன் காருக்குப் போய்த் தாளை எடுத்தான். சிவப்புக் காரின் இடது பக்கம், பெட்ரோல் மூடி இருந்த இடத்தில், வெள்ளியில் ஒரு கட்டைவிரல் ரேகை. தெளிவாக.

அந்தச் சீட்டை அவன் இதுவரை துடைக்கவில்லை. வேலை முடிந்து ரோட்டில் நிற்கிறவர்கள் யாராக இருந்தாலும், எவ்வளவு பொடியோடு நின்றாலும், நிறுத்தி முன்னால் ஏற்றிக்கொள்கிறான். "குளிக்கலியே" என்று அவர்கள் தயங்கினால் அவனுக்குக் கண் கலங்கிவிடுகிறது. சொல்லாமல் விட்ட இரண்டு சொல்லைத் தினமும் சாமி முன்னால் நின்று சொல்கிறான். போய்ச் சேருகிறதா என்று தெரியவில்லை. சேரும் என்று நம்புகிறான். நாமும் நம்புவோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் சாபிர் மிச்சத்தைச் சொன்னான்.

"தூக்கும்போது உசுரு இருந்துச்சுலே. பேசினான். ஒங்கிட்டச் சொல்ல மனசு வரல."

"என்ன சொன்னான்?"

"வேணாம் சாபிர், வத்தல் சாக்கெல்லாம் வெள்ளியாயிரும்னான். அப்புறம்..." சாபிர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ போ. சரவணன் கோவில்பட்டியிலருந்து வருவான். நான் அவன் வண்டில ஏறிக்கிடுதேன்னான்."

கோவில்பட்டிக்குப் போனதை அன்று சரவணன் இவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.